புள்ளி

விசாவில் ஆறு மாதம்.
பணி: தொண்டர். சம்பளம் என்ற கட்டத்தில் ஒரு கோடு.
ஓசூரில் பேரிங் உருளைகளில் கீறல் தேடிய கண்
திருகோணமலையில்
தரம் பத்துக்குக் கணக்குச் சொல்ல வந்தது.
"அதே தமிழ்தானே, என்ன கஷ்டம்" என்றார்கள் வழியனுப்பியவர்கள்.

அதே தமிழ்தான்.

முதல் வாரம், கெவின்ராஜ் தாளை நீட்டி
"எத்தனை புள்ளி டீச்சர்?" என்றான்.
"கோலத்துக்கா?" என்றேன்.
சிரித்த சிரிப்பில்
தகரக்கூரையின் காகங்கள் எழுந்துபோயின.
மதிப்பெண்ணுக்கு அங்கே அதுதான் பேர்.

வாடகை அறை உட்துறைமுக வீதியில்.
இடியப்பத்தைத் தட்டில் வைத்து
"காணுமா?" என்பார் பவளராணி அக்கா.
காணோமா? எது?
மேசைக்கடியில் குனிந்து பார்த்தேன்.
போதுமா என்று கேட்கிறார் எனப் புரிவதற்குள்
மூன்று இரவுகள், ஒன்பது இடியப்பம் கூடுதல்.
காணும் என்றால் போதும்.
காணாது என்றால் போதாது.
குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தேன்,
பெருமையாக.

ஆசிரியர் அறையில் தயாபரி
என் அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.
"நானும் தொண்டர்தான். ஒன்பது வருசம்.
நிரந்தர நியமனம் வருமெண்டு சொல்லினம்."
பிறகு, கோபமே இல்லாமல்,
"நீங்கள் எப்ப திரும்பிப் போறியள்?"
அன்றிலிருந்து
அட்டையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

தவணைப் பரீட்சை முடிந்த வெள்ளி,
பஸ் நிலையத்தில் பையைக் கீழே வைத்துத்
தேநீருக்குச் சில்லறை தேடிய நேரம்
ஒரு மான்,
ஊருக்குள் மாடு மாதிரித் திரியுமே, அதில் ஒன்று,
விடைத்தாள் ஏழைத் தின்றுவிட்டது.
இழுத்த இழுப்பில் என் கையில் மிஞ்சியது
ஒரு மூலை, பாதி முக்கோணம்.
"புள்ளிமான்தானே டீச்சர், புள்ளியைத் தின்னும்" என்றான் கெவின்ராஜ்.
ஏழு பேருக்கும் சராசரி போட்டேன்.
யதுர்ஷிகா மட்டும் எழுந்தாள்:
"எனக்கு அவ்வளவு வராது. திரும்ப எழுதுறன்."
எழுதினாள். நான் போட்டதைவிட நாலு குறைவு.
திருப்தியாக உட்கார்ந்தாள்.

அதற்கடுத்த வாரம் பெற்றோர் விபரப் படிவம்.
தகப்பன் என்ற கட்டத்தில்
அவள் எழுதியிருந்தாள்: காணேல்லை.
கடைசிப் பக்கத்து அகராதி எனக்குள் விரிந்தது.
போதவில்லை.
இடம் போதவில்லையோ? பெயர் நீளமோ?
"என்ன காணலை? பின்பக்கம் எழுதேன்" என்றேன்,
முப்பத்திரண்டு பேர் கேட்க.

மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை கிரீச்சிட்டது.
கெவின்ராஜ் செருப்பைப் பார்த்தான்.

"ஆள், டீச்சர்."

அவ்வளவுதான் சொன்னாள்.
குரலில் எனக்கு உதவுகிற தொனி,
புரியாத சொல்லுக்குப் பொருள் சொல்வாளே, அந்தத் தொனி.

அந்த இரவு அக்கா "காணுமா?" என்றபோது
தலையை மட்டும் ஆட்டினேன்.
துறைமுகத்தில் ஏதோ கப்பல்
விளக்குகளோடு நின்றது, வந்ததா போகிறதா தெரியவில்லை.

மறுநாள் இருபடிச் சமன்பாடு.
கரும்பலகையில் எழுதிக்கொண்டே வந்தேன்:
எனின், x இன் பெறுமானத்தைக்
கை நின்றது.
இத்தனை மாதம் நாளுக்குப் பத்துத் தடவை
யோசிக்காமல் எழுதிய சொல்.
சுண்ணக்கட்டி பலகையைத் தொட்டபடி
வேறொரு வினைச்சொல் தேடினேன்.
கூறுக. சொல்லுக. எவ்வளவு?
எதுவும் அந்த 'க்'குக்குப் பொருந்தவில்லை.

"டீச்சர்."
மூன்றாம் வரிசை.
"காண்க எண்டுதானே வரும்?"

எழுந்து வந்தாள்.
என் விரலிலிருந்து சுண்ணக்கட்டியை எடுத்து
அந்தச் சொல்லை எழுதி
கீழே நேராகக் கோடு போட்டாள்.
கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"இதுக்கு எத்தனை புள்ளி?"